பார்டர் சுகரும் கையில் ஒட்டும் சென்சாரும்: வாசகர் கேள்வி பதில்

மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சுகர் சென்சார் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள் அல்லர். ‘பார்டரில் இருக்கிறது’ என்று சொல்லப்பட்டவர்கள். பதில்களும் அவர்களுக்கானவைதான். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைப் படித்துவிட்டு மருந்தின் அளவை மாற்ற வேண்டாம். அவர்கள் கணக்கு வேறு. எண்கள் எல்லாம் மி.கி./டெ.லி. உங்கள் கருவி மில்லிமோலில் காட்டினால் 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 44. ஃபாஸ்டிங் 108, ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சுகர் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) 5.9. ‘பார்டர்தான், சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று டாக்டர் அனுப்பிவிட்டார். சாப்பாட்டில் எதைப் பார்த்துக்கொள்வது? சென்சார் ஒட்டினால் தெரிந்துவிடும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பார்டர் உண்மையிலேயே பார்டர்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறைப்படி ஃபாஸ்டிங் 100 முதல் 125 வரை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை, இந்த மூன்றில் எதில் விழுந்தாலும் பார்டர். உலக சுகாதார நிறுவனமோ ஃபாஸ்டிங்கை 110இலிருந்துதான் கணக்கில் எடுக்கிறது. ஆக, உங்கள் 108 ஒரு கணக்கில் பார்டர், இன்னொரு கணக்கில் நார்மல். ஃபாஸ்டிங் 126, குளுக்கோஸ் குடித்த பிறகு 200, ஹெச்பிஏ1சி 6.5 என்ற அளவுகளைத் தொட்டால் சர்க்கரை நோய். அதையும், அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து முத்திரை குத்தக் கூடாது. இரண்டு முடிவுகள் ஒத்துப்போக வேண்டும். ஃபாஸ்டிங் எடுக்கப் போகும்போது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது. ‘காபி மட்டும்தான் குடித்தேன்’ என்பதும் கணக்கில் சேரும்.

குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையை ஒருமுறை செய்துகொள்வது நல்லது. ஃபாஸ்டிங் சாதுவாக இருந்து, சாப்பிட்ட பிறகு எகிறுகிறவர்கள் நிறைய. அந்தச் சோதனைக்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். நாளுக்கு 150 கிராமுக்குக் குறையக் கூடாது. பயந்துபோய் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் போனால் இல்லாத நோயை இருப்பதாகச் சோதனை காட்டிவிடும். சென்சார் இந்தச் சோதனைகளுக்கு மாற்று அல்ல. நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அதற்கு அங்கீகாரம் கிடையாது.

இனி, எது சர்க்கரை நோயைத் தடுக்கிறது என்ற விஷயம். இதில் ஊகத்துக்கு இடமில்லை, பெரிய சோதனைகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பாக நடப்பது என்ற இரண்டே இலக்குகள். சுமார் மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம்தான். பின்லாந்தில் 522 பேரிடமும் அதே 58. இந்தியாவில் 531 பேரை வைத்து நடந்த ஆய்வில் 28.5 சதவீதம். சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வில் 577 பேர். 30 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களுக்கு நோய் ஏறக்குறைய 4 ஆண்டு தள்ளிப்போயிருந்தது.

இவர்களில் யார் கையிலும் சென்சார் இல்லை. கற்றுக்கொடுக்க ஓர் ஆள், எழுத ஒரு நோட்டு, நிற்க ஓர் எடை மெஷின். அவ்வளவுதான் இருந்தது. சென்சாரை மட்டும் ஒட்டிக்கொண்டு சர்க்கரை நோயைத் தடுத்ததாக நீண்டகால ஆய்வு எதுவும் இல்லை. அதன் வேலை சிறியது, ஆனால் உபயோகமானது: உங்கள் டாக்டர் சொல்லாமல் விட்ட அந்த ‘எதை’ என்ற கேள்விக்கு உங்கள் உடம்பிலிருந்தே பதில் எடுத்துத் தரும். அதற்கு இரண்டு வாரம் போதும். வருஷம் முழுக்க ஒட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

கேள்வி: விரலில் குத்திப் பார்த்தால் 128, அதே நேரம் சென்சாரில் 151. எதை நம்புவது? காசு வீணா?

பதில்: இரண்டும் ஒரே இடத்தை அளக்கவில்லை. விரலில் வருவது ரத்தம். சென்சாரின் மெல்லிய இழை தோலுக்குக் கீழே சுமார் அரை சென்டிமீட்டர் போய், செல்களுக்கு நடுவே இருக்கும் நீரில் நிற்கிறது. இழையில் பூசியிருக்கும் நொதி குளுக்கோஸோடு வினைபுரியும். அப்போது உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் ஆப் எண்ணாக மாற்றுகிறது. ரத்தத்திலிருந்து குளுக்கோஸ் அந்த நீருக்கு வந்துசேர ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும். சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் சுகர் ஏறிக்கொண்டிருக்கும்போது சென்சார் பின்தங்கிக் குறைவாகக் காட்டும். நடந்துவிட்டு வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது பழைய உயரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் 151 இறங்குமுகத்தில் எடுத்ததாக இருக்கலாம்.

எனவே ஒப்பிட வேண்டுமென்றால் சுகர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஆப்பில் காட்டும் அம்புக்குறி நேராகப் படுத்திருக்கும் நேரமாகப் பாருங்கள். காலை எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன், நல்ல நேரம். அப்போதும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து வித்தியாசம் இருந்தால் அது கோளாறு அல்ல. இப்போதுள்ள நல்ல சென்சார்களின் சராசரிப் பிழையே 8, 9 சதவீதம் இருக்கிறது. கிளுக்கோமீட்டரும் அரிச்சந்திரன் இல்லை: 100க்கு மேல் 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்டினாலும் சர்வதேசத் தர விதி அதை ஏற்றுக்கொள்கிறது. இரண்டு பிழையும் எதிரெதிர் திசையில் போனால் 128ம் 151ம் ஒரே நேரத்தில் வரத்தான் செய்யும்.

மீட்டரில் நடக்கும் பெரிய தப்பு கையில் இருக்கிறது. பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால், நகக்கண்ணில் ஒட்டிய சாறே சொட்டு ரத்தத்தில் கலந்து சுகரை எங்கோ கொண்டுபோய் நிறுத்தும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் போதாது. தண்ணீரும் சோப்பும் வேண்டும், பிறகு ஈரம் போகத் துடைக்க வேண்டும், ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போகும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிதுக்கினாலும் இதே கதை. கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்தபடி வைத்தால் காற்றின் ஈரமே ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும்.

மாத்திரைகளும் விளையாடும். சில சென்சார்களில் நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் ரீடிங் ஏறிக் காட்டும். வேறு சிலவற்றில் பாராசிட்டமால் அளவு மீறினாலும், ஹைட்ராக்ஸியூரியா மருந்து எடுத்தாலும் அப்படித்தான். உங்கள் சென்சாருக்கு எது ஆகாது என்பது பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கும். யாரும் படிக்காத தாள் அது.

கேள்வி: ராத்திரி 3 மணிக்கு அலாரம் அடித்து 56 என்று காட்டியது. பயந்துபோய் இரண்டு ஸ்பூன் சர்க்கரை தின்றேன். எனக்கு மாத்திரை எதுவும் கிடையாது.

பதில்: சென்சார் ஒட்டிய கைப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருப்பீர்கள். உடம்பின் எடை அழுத்தும்போது அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, இழையைச் சுற்றியுள்ள நீரில் குளுக்கோஸ் வற்றும். கிராஃபைப் பார்த்தாலே தெரியும்: செங்குத்தாக விழுந்து, புரண்டு படுத்ததும் கால் மணி, அரை மணி நேரத்தில் தானாகவே பழைய இடத்துக்கு ஏறிவிடும். நிஜமான இறக்கம் அப்படிக் கத்தி வைத்து வெட்டியது போல் இருக்காது.

அடுத்த முறை எழுந்து உட்கார்ந்து பதினைந்து நிமிடம் பாருங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு இருந்தால் மட்டும் விரலில் குத்தி உறுதிசெய்யுங்கள். சர்க்கரை நோயே இல்லாத 153 பேருக்கு சென்சார் ஒட்டிப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. அவர்களும் சராசரியாக நாளில் கால் மணி நேரம் 70க்குக் கீழே இருந்தார்கள். அரை மணி நேரம் 140க்கு மேலும் இருந்தார்கள். மீதி நேரம் எல்லாம் நடுவில்தான். சுகரை இறக்கும் மருந்து எடுக்காதவர், ஆப்பில் வசதி இருந்தால், ராத்திரி அலாரத்தை அணைத்துவிட்டு மறு கைக்கு மாற்றி ஒட்டிக்கொண்டு தூங்கலாம். தூக்கம் கெட்டால் மறுநாள் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சுகரைக் காப்பாற்றுகிறேன் என்று விழித்திருப்பதில் அர்த்தமில்லை.

கேள்வி: ஒரே ஒரு சென்சார்தான் வாங்க முடிந்தது, 14 நாள் ஓடும். அதை வைத்து அதிகபட்சம் என்ன தெரிந்துகொள்ளலாம்? நாள்வாரியாகச் சொல்ல முடியுமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தோம். பலர் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். பதினான்காம் நாள் கழற்றும்போது கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒட்டுவதற்கு முன்பே ஒரு சின்ன நோட்டும் சமையலறைத் தராசும் எடுத்துவையுங்கள்.

சாயங்காலம் ஒட்டுங்கள். குத்திய இடம் ஒரு சின்னக் காயம். அது ஆறும்வரை, அதாவது முதல் 24 மணி நேரம், ரீடிங் தாறுமாறாக இருக்கலாம். அதில் பாதி தூக்கத்தில் கழியட்டும். முதல் நாள் எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை எதையும் மாற்றாதீர்கள். கஷ்டமான பகுதி இதுதான். சென்சார் ஒட்டிய அன்றே எல்லோரும் நல்லபிள்ளை ஆகிவிடுகிறார்கள். நல்லபிள்ளையின் கிராஃப் எதற்கு உதவும்? வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, வாயில் வைத்த நேரம், என்ன, எவ்வளவு என்று அந்தந்த நேரமே எழுதுங்கள். ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் சாயங்காலம் கொறித்தது விட்டுப்போகும். தூங்கிய நேரம், நடந்த நேரம், காய்ச்சல், மனக்கஷ்டம், ஸ்டீராய்டு மருந்து எடுத்திருந்தால் அது, எல்லாம் குறிப்பில் வேண்டும்.

ஐந்தாம் நாள் நோட்டையும் கிராஃபையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வேளைக்கும் நான்கு எண்கள் எடுங்கள்: சாப்பிடும் முன் எவ்வளவு, உச்சம் எவ்வளவு, உச்சத்துக்குப் போக எத்தனை நிமிடம், பழைய இடத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம். உதாரணத்துக்கு, 8.00 மணிக்கு 96, 8.50க்கு 172, 11.00 மணிக்குத்தான் 100 என்றால் உயரமும் அதிகம், இறங்கவும் தாமதம். 96இலிருந்து 135 போய் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கினால் அந்த வேளையை விட்டுவிடுங்கள், அதில் திருத்த ஒன்றுமில்லை. மூன்று நாளில் எந்த வேளை திரும்பத் திரும்ப அதிகம் ஏறுகிறதோ அந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள்வரை அந்த ஒரு வேளையில் மட்டும் சோதனை. அது காலை வேளையாக இருந்தால் வசதி. ராத்திரி பட்டினி முடிந்து தினமும் ஒரே நிலையிலிருந்து தொடங்கலாம். தராசில் நிறுத்து, உதாரணமாக 150 கிராம் சோறு என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 42 கிராம் மாவுச்சத்து. முதல் முறை அதை வழக்கம்போல் சாப்பிடுங்கள். அடுத்து, அதே அளவு, ஆனால் காய்கறியையும் பருப்பு அல்லது முட்டையையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்துச் சோறு. மூன்றாவது, பழைய வரிசையிலேயே சாப்பிட்டு, கை கழுவிய கால் மணி நேரத்துக்குள் எழுந்து 15 நிமிட நடை. நான்காவது, வரிசையும் நடையும் இல்லாமல் அளவை மட்டும் 100 கிராமாகக் குறைப்பது. முடிந்தால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்யுங்கள். நாள் போதாது என்றால் ஒரு சோதனையை விட்டுவிட்டு, மீதி மூன்றை இரண்டிரண்டு முறை செய்வது மேல்.

ஏன் இரண்டு முறை? ஒரே ஆள் ஒரே சாப்பாட்டை ஒரு வாரம் விட்டுச் சாப்பிட்டாலே உச்சம் மாறும். முந்தைய வேளை, தூக்கம், வயிறு காலியாகும் வேகம், சென்சாரின் பிழை எல்லாம் சேர்ந்து ஆட்டும். அதனால் 15, 20 புள்ளி வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுக்காதீர்கள். 170 இரண்டு முறையும் 135க்குள் வந்தால் அது பேசுகிறது.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடம், ஆர்வக்கோளாறில் ஒரே நாளில் அளவையும் குறைத்து, வரிசையையும் மாற்றி, நடந்தும் விடுவது. கிராஃப் அழகாக வரும். எதனால் வந்தது என்று தெரியாது. மூன்றையும் ஆயுள் முழுக்கச் செய்ய முடியாது. எந்த ஒன்று உங்களுக்கு அதிகம் பலன் தருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடு. இன்னொரு சறுக்கல், முதல் வேளை இறங்குவதற்குள் எதையாவது வாயில் போடுவது. இரண்டு மலையும் ஒன்றாகிவிடும்.

கடைசி இரண்டு நாள், கண்டுபிடித்த மாற்றத்தோடு சாதாரணமாக வாழ்ந்து பாருங்கள். ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து ஃபாஸ்டிங், ஹெச்பிஏ1சி, எடை மூன்றையும் பாருங்கள். அடுத்த சென்சார் அதற்குப் பிறகுதான், அதுவும் புதிதாகக் கேட்க ஏதாவது கேள்வி இருந்தால்தான்.

கேள்வி: வெறும் வயிற்றில் வேகமாக ஓடிவிட்டு வந்தால் 102 இருந்தது 141 ஆகிறது. உடற்பயிற்சி சுகரைக் குறைக்கும் என்றார்களே?

பதில்: குறைக்கும். மூச்சு முட்டும் ஓட்டத்தில் அட்ரினலின் சுரந்து, கல்லீரல் தன் சேமிப்பைத் திறந்துவிடும். தசை உடனே செலவழிப்பதைவிட வரத்து அதிகம், அதனால் ஏற்றம். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு பல மணி நேரம் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். சாப்பிட்ட பின் நடக்கும் நடையில் கதை வேறு: தசை சுருங்கும்போதே இன்சுலினை எதிர்பாராமல் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது, உச்சம் வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். சுடுநீர்க் குளியலுக்குப் பிறகு திடீர் ஏற்றம் கண்டால் அதையும் பொருட்படுத்தாதீர்கள்.

கேள்வி: சோறு, பழம், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். பொரித்த இறைச்சி, வெண்ணெய், முட்டை, சீஸ். கிராஃப் தண்டவாளம் போல நேராகப் போகிறது. குணமாகிவிட்டேனா?

பதில்: சென்சாருக்குத் தெரிவது ஒரே ஒரு விஷயம்தான். கொழுப்பும் புரதமும் உடனே சுகரை ஏற்றாது, அதனால் கோடு நேராக இருக்கிறது. உங்கள் எடை, கெட்ட கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், கல்லீரலில் படியும் கொழுப்பு எதுவும் அந்தக் கோட்டில் இல்லை. முதல் பதிலில் சொன்ன அமெரிக்க ஆய்வின் தரவை அலசியபோது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சர்க்கரை நோய் ஆபத்து 16 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. நேர்க்கோட்டோடு மூன்று கிலோ ஏறினால் நஷ்டம் உங்களுக்கு.

சோதிப்பது சுலபம்: இரண்டு வாரம் எடையைக் குறியுங்கள், கொலஸ்ட்ராலை ஒருமுறை பாருங்கள். எடை இறங்கியிருந்து கொலஸ்ட்ராலும் சரியாக இருந்தால் மாவுச்சத்தைக் குறைத்தது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று அர்த்தம், அதில் தப்பில்லை. ஆனால் பருப்பையும் முழுப் பழத்தையும் நிறுத்தியது தேவையில்லாத தண்டனை. பின்லாந்து ஆய்வில் கொடுத்த ஐந்து இலக்குகளில் ஒன்றே 1,000 கலோரிக்கு 15 கிராம் நார்ச்சத்து. ஜூஸ் வேறு, பழம் வேறு; அதை உங்கள் சென்சாரே இரண்டு காலையில் காட்டிவிடும். 140 தாண்டினாலே குற்றம் செய்தவர் போல நடுங்க வேண்டாம். முன்பு சொன்ன 153 பேரும் ஆரோக்கியமானவர்கள்தான், அவர்களும் தாண்டினார்கள்.

கேள்வி: குத்தாமலே சுகர் காட்டும் வாட்ச் விற்கிறார்களே?

பதில்: வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானே சுகரை அளக்கும் வாட்சோ மோதிரமோ ஒன்றுக்குக்கூட அங்கீகாரம் தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டிய சென்சாரின் எண்ணை வாங்கித் திரையில் காட்டும் வாட்ச் வேறு வகை, அது சரி. அடுத்த மாதமே அதே நிர்வாகம் டெக்ஸ்காம் நிறுவனத்தின் ஸ்டெலோ சென்சாரை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க அனுமதித்தது. 18 வயது தாண்டிய, இன்சுலின் போடாதவர்களுக்கு. அதிலும் இழை தோலுக்குள் போகத்தான் செய்கிறது.

கேள்வி: லேபில் ஹெச்பிஏ1சி 5.4. ஆப்பில் ‘ஜிஎம்ஐ’ 5.8 என்று வருகிறது. லேப் தப்பா?

பதில்: ஜிஎம்ஐ என்பது ரத்தப் பரிசோதனை அல்ல, ஹெச்பிஏ1சி எவ்வளவு இருக்கும் என்று சென்சாரின் எண்களிலிருந்து ஊகிக்கும் பெருக்கல் கணக்கு. சென்சாரின் சராசரியை 0.02392ஆல் பெருக்கி 3.31ஐக் கூட்டுகிறார்கள். உங்கள் சராசரி 104 என்றால் 5.8 வந்துவிடும். இந்தச் சூத்திரம் சர்க்கரை நோயாளிகளின் தரவை வைத்து உண்டாக்கியது; கீழ்த்தட்டில் அது பயமுறுத்தும். சராசரி 100 இருக்கும் ஆரோக்கியமான ஆளுக்கே 5.7 காட்டும், அதாவது பார்டர் வாசலில் நிறுத்தும். பார்டரா இல்லையா என்று பார்க்க லேப் முடிவையே வைத்துக்கொள்ளுங்கள்.

லேபுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஹெச்பிஏ1சி சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது நிஜத்தைவிட ஏறிக் காட்டலாம். சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய்களில் இறங்கிக் காட்டும். ஹீமோகுளோபின் குறைவு என்று சொல்லியிருந்தால், ஃபாஸ்டிங்கும் 75 கிராம் சோதனையும்தான் உங்களுக்கு நம்பகமானவை.

கேள்வி: நான் சுகாதாரப் பணியாளர். பார்டரில் இருக்கும் முப்பது பேருக்கு வகுப்பு எடுக்க வேண்டும். சென்சார் வாங்கப் பணமில்லை. நோட்டீஸ் கொடுத்தால் மடித்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

பதில்: சென்சார் இல்லாததைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் பதிலில் சொன்ன ஆய்வுகள் எல்லாம் அது இல்லாமல் ஜெயித்தவை.

முப்பது பேரை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். பதினைந்துக்கு மேல் போனால் பின்வரிசை வாய் திறக்காது. அமெரிக்கத் திட்டத்தில் முதல் 24 வாரத்தில் 16 பாடங்கள், பிறகு மாதம் ஒருமுறை. அந்த வேகம் நல்ல வேகம். ஒவ்வொரு வகுப்பும் எடை பார்ப்பதில் தொடங்கட்டும், மறைவாக, ஒவ்வொருவராக. சத்தமாக எடையைப் படித்தால் அடுத்த வாரம் ஐந்து பேர் வரமாட்டார்கள். இலக்கை சதவீதத்தில் சொல்லாதீர்கள். 70 கிலோக்காரரிடம் ‘ஐந்து கிலோ, ஆறு மாதத்தில்’ என்று சொல்லுங்கள்.

‘இனிப்பைக் குறையுங்கள்’ என்பது பாடமே அல்ல. ஒரு 330 மில்லி குளிர்பானக் கேனை மேஜையில் வையுங்கள். லேபிளில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். பொதுவாக 10, 11 இருக்கும். கணக்கு அவர்களே போடட்டும்: 35 கிராம். இப்போது டீஸ்பூனை அவர்கள் கையில் கொடுத்து, மட்டமாக ஒன்று 4 கிராம் என்று சொல்லி, காலி டம்ளரில் ஒன்பது முறை சர்க்கரையைப் போடச் சொல்லுங்கள். ஐந்தாவது ஸ்பூனில் அறை அமைதியாகிவிடும். தட்டுக்கும் அப்படித்தான்: 23 சென்டிமீட்டர் தட்டு, பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, கால் பங்கு மாவுப் பண்டம். படம் காட்டாமல், வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் அளவை அவர்கள் கையாலேயே தட்டில் வைக்கச் சொல்லிப் பிறகு திருத்துங்கள்.

சென்சாருக்குப் பதிலாக ஜோடி சோதனை செய்யலாம். ஒருவருக்கு வாரத்துக்கு நான்கு ஸ்ட்ரிப் போதும். சந்தேகப்படும் ஒரு வேளைக்கு முன் ஒன்று, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக ஒரு மணி நேரத்தில் ஒன்று. மறுநாள் அதே சாப்பாட்டில் ஒரு மாற்றத்தோடு இன்னும் இரண்டு. பலருக்கு உச்சம் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் வருகிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மலை இறங்கி ஓய்ந்திருக்கும். எப்போது பார்த்தாலும் இரண்டு நாளும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மீட்டர் ஒன்று இருந்தால் பத்துப் பேர் முறைவைத்துப் பயன்படுத்தலாம், ஆனால் குத்தும் ஊசி ஒவ்வொருவருக்கும் தனி, குத்தும் பேனாவும் தனி. மீட்டரை ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் கிருமிநாசினியால் துடையுங்கள்.

பாதி வகுப்புக்கு மேல் நீங்கள் பேசாதீர்கள். ‘இந்த வாரம் எங்கே நழுவியது?’ என்ற கேள்விக்குத்தான் நேரம் வேண்டும். ஒருவர் மழையால் நடக்கவில்லை என்பார், இன்னொருவர் விருந்து என்பார். தீர்வு பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தால் எடுபடும். வகுப்புக்கு வராதவரை அன்று சாயங்காலமே போனில் கூப்பிடுங்கள். இரண்டு வாரம் விட்டால் திரும்ப வருவது கடினம்.

கேள்வி: ஒட்டிய இடத்தில் அரிப்பு. போன முறை ஆறாம் நாளே விழுந்துவிட்டது.

பதில்: மேற்கையின் பின்பக்கம், தசை மடிந்து நீளாத இடமாகப் பாருங்கள். மணமோ எண்ணெயோ இல்லாத சோப்பால் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முழுக்க உலரவிட்டு ஒட்டுங்கள். லோஷன் தடவிய தோலில் எந்தப் பசையும் நிற்காது. முடி அதிகம் என்றால் மழித்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு ஓரங்களை அரை நிமிடம் விரலால் அழுத்துங்கள். கதவு நிலையிலும் தோள்பையின் பட்டையிலும் இடித்துத்தான் பல சென்சார் போகிறது; சட்டையை மாட்டும்போது அந்தக் கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில். அடுத்த சென்சார் மறு கையில்.

லேசான அரிப்பு கழற்றிய இரண்டொரு நாளில் போகும். சிவந்து கொப்புளம் வந்தால் பசையில் உள்ள அக்ரிலேட் ஒவ்வாமையாக இருக்கலாம், அதே வகையை மறுபடி ஒட்டாதீர்கள். வலி, சூடு, சீழ் இருந்தால் உடனே எடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிரசவ நேரத்தில் சுகர் இருந்தது. குழந்தை பிறந்ததும் நார்மல். இனி பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை, பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. இந்தக் கட்டத்தில் சென்சாரைவிட அந்த ஒரு சோதனைதான் முக்கியம். கைக்குழந்தையோடு அலைய முடியாமல் பலர் தவறவிடுவது அதைத்தான். தடுப்பூசி போடப் போகும் நாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, பார்டர்தான். சென்சார் ஒட்டியதிலிருந்து நாளுக்கு நாற்பது தடவை போனைப் பார்க்கிறார். 130 என்றால் அடுத்த வேளை சாப்பிடுவதில்லை. எடை குறைந்துகொண்டே வருகிறது. என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: சொல்லிப் புரியவைக்க வேண்டாம், கழற்றிவிடுங்கள். மீதி நாள் வீணாகிறதே என்று பார்க்காதீர்கள். அந்த வயதில் வேளை தவறினால் முதலில் கரைவது தசை, தசை கரைந்தால் குளுக்கோஸ் போய்ச் சேர இடம் குறையும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அவரோடு நீங்களும் நடங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் பாருங்கள். எடை குறைவது நிற்காவிட்டாலோ, சரியாகச் சாப்பிட்டும் குறைந்தாலோ, அதற்கு வேறு காரணம் இருக்கலாம். இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.